மகளுக்கு தடுப்பூசி, அம்மாவுக்கு என்ன? நர்ஸ் கையில் இருக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை - முழு விளக்கம்

14 வயது பெண் குழந்தைகளுக்கு படிப்படியாக எச்பிவி தடுப்பூசி போடப்படும், இதற்காக 36 கோடி ரூபாய் செலவிடப்படும் என 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்றிலிருந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றாலே பேச்சு முழுக்க தடுப்பூசியைச் சுற்றித்தான் போகிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் ஊசி போட மகளை அழைத்து வரும் அம்மாவுக்கு வயது 38, 40 இருக்கும். இந்தப் புற்றுநோய் ஆபத்து நெருங்குவது அவரைத்தான். வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பு போட்டால்தான் தடுப்பூசிக்கு முழு பலன். ஏற்கெனவே வந்த தொற்றை அது குணப்படுத்தாது.

அப்போ அம்மாவுக்கு என்ன வழி? அதற்கான பதில் பெரிய மெஷினில் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற நர்ஸிடம் இருக்கிறது. இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே நம்ம திண்டுக்கல் மாவட்டம்தான். அந்தக் கதையையும், அதில் நாம் கவனிக்க மறந்த முக்கியமான பாடத்தையும் பார்க்கலாம்.

பாதிப்பு எவ்வளவு?

2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர். இந்தியப் பெண்களை அதிகம் பாதிக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இத்தனைக்கும், வராமல் தடுக்கக்கூடிய புற்றுநோய் இது. காரணம் என்னவென்று தெரியும். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத பாதிப்புக்குக் காரணம்.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்த நோய் ரொம்ப மெதுவாக வளரும். பெரும்பாலான எச்பிவி தொற்று ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால்தான் சிக்கல். அப்போதும் கூட, நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ள பெண்ணுக்கு அது புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். எச்ஐவி தொற்றுக்கு சிகிச்சை எடுக்காதவர் என்றால் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே மாறலாம்.

அதாவது, கண்டுபிடித்து நிறுத்த நமக்கு பல வருஷம் டைம் இருக்கு. அந்த நேரத்தை நாம பயன்படுத்துறோமா என்பதுதான் கேள்வி.

10 பேர் கூட போகவில்லை

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்.

தேசிய சராசரியோடு ஒப்பிட்டால் நாம் ஐந்து மடங்கு மேல். ஆனால் 100 பெண்களில் 10 பேர் கூட இல்லை என்பதுதான் நிஜம். 2030க்குள் 70 சதவீத பெண்களையாவது பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

அந்தப் பரிசோதனை எப்படி இருக்கும்?

இதைப் பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது. உண்மையில் நடப்பது இவ்வளவுதான்.

விஐஏ என்று இதைச் சொல்வார்கள். பிரசவ வார்டில் இருப்பது போன்ற மேஜையில் படுக்க வைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியால் நர்ஸ் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார். அதன் மேல் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை பஞ்சில் தொட்டுத் தடவுவார். சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் மறுபடியும் பார்ப்பார். மாற்றம் அடைந்த செல்கள் இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. லேசான எரிச்சல் இருக்கலாம். ரிசல்ட்டுக்கு லேப் தேவையில்லை, அங்கேயே சொல்லிவிடலாம்.

சில இடங்களில் அயோடின் கரைசலும் தடவிப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான பகுதி அடர் பழுப்பாக மாறும், சந்தேகத்துக்குரிய பகுதி கடுகு மஞ்சளாக நிற்கும்.

திண்டுக்கல்லில் நடந்தது என்ன?

இவ்வளவு எளிமையான பரிசோதனை உயிரைக் காப்பாற்றுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம் உள்ளிட்டவை சேர்ந்து நடத்திய ஆய்வு இது.

114 பகுதிகளைத் தேர்வு செய்து, பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு விஐஏ பரிசோதனை செய்ய அழைப்பு விடுத்தார்கள். மீதிப் பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை செய்தவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்ற நர்ஸ்கள்.

2007ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஒரே ஒரு சுற்று பரிசோதனை. அதிலேயே புற்றுநோய் பாதிப்பு 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது.

அதே 2007ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தமிழ்நாடு அரசு இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரிவுபடுத்தியது.

நாம் கவனிக்க மறந்த பாடம்

திண்டுக்கல் ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் வினிகரைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் அங்கே நடந்த இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம்.

வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்ணை "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதி அனுப்பவில்லை. அதே நாளில், அதே நர்ஸ்கள் கால்போஸ்கோப்பி செய்து உருப்பெருக்கிப் பார்த்தார்கள். தேவையான இடத்தில் சிறு திசு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். பொருத்தமானவர்களுக்கு கிரையோதெரபி, அதாவது மாற்றம் அடைந்த பகுதியை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையையும் அப்போதே கொடுத்தார்கள். பெரிய பாதிப்பு, புற்றுநோய் என்று சந்தேகம் வந்தவர்கள் மட்டுமே மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள்.

பலன் என்ன தெரியுமா? விஐஏ பரிசோதனையில் 3,088 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. அவர்களில் 3,052 பேர் கால்போஸ்கோப்பி செய்துகொண்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே! புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 1,874 பெண்களில் 72 சதவீதம் பேருக்கு சிகிச்சை கிடைத்தது.

இப்போது இதையே மாற்றி யோசித்துப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பிஎச்சிக்கு வருகிறார். பாசிட்டிவ் என்கிறார்கள். அடுத்த வாரம் ஜிஎச், அதற்கடுத்து மெடிக்கல் காலேஜ். ஒவ்வொரு முறையும் பஸ் செலவு, கூலி இழப்பு, வீட்டில் பதில் சொல்லும் கட்டாயம். உடம்பில் வலியோ தொந்தரவோ எதுவும் இல்லை. எத்தனை பேர் போவாங்க?

பரிசோதித்து விட்டு சிகிச்சை கொடுக்காமல் விட்டால், அது ரிஜிஸ்டரில் ஒரு எண்ணாக மட்டுமே நிற்கும். உயிரைக் காப்பாற்றாது.

எல்லா இடத்திலும் இதே பலன் வந்ததா?

இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சுமார் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009ல் வந்தது. அங்கே ஒரு சுற்று விஐஏ பரிசோதனையால் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனால் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை செய்த பிரிவில் இறப்பு ஏறத்தாழ பாதியானது.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், நர்ஸ் கூட அல்ல, பயிற்சி பெற்ற அடிப்படை சுகாதாரப் பணியாளர்களே விஐஏ செய்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று. 2014ல் வந்த முடிவின்படி அங்கே இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

விஐஏ கண்ணால் பார்த்து முடிவு சொல்லும் பரிசோதனை. பார்ப்பவரின் பயிற்சி, அனுபவம், பொறுமையைப் பொறுத்து ரிசல்ட் மாறும். ஒரு பக்கம் பிரசவம், ஒரு பக்கம் ஓபி, இன்னொரு பக்கம் ஆன்லைன் என்ட்ரி என்று ஓடும் நர்ஸுக்கு, ஒரு பெண்ணை நிதானமாகப் பார்க்க 15 நிமிடம் கிடைக்குதா? கதவைச் சாத்தக்கூடிய தனி அறை இருக்குதா? இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பரிசோதனையின் தரமே இதில்தான் இருக்கிறது.

இதனால்தான் 2021ல் உலக சுகாதார நிறுவனம் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியை பெண்ணே மறைவிடத்தில் தானாக எடுத்துக் கொடுக்கலாம். கூச்சம் ஒரு தடை என்றால், அதற்கு இது நல்ல தீர்வு. ஆனால் லேப் வேண்டும், செலவும் அதிகம். அதோடு, பாசிட்டிவ் வந்த பெண்ணைத் தேடிப்பிடித்து, புரியவைத்து, சிகிச்சைக்கு அழைத்து வர அப்போதும் ஒரு நர்ஸ் வேண்டும்.

"யாரிடமிருந்து வந்தது?" ஆண்களுக்கு ஒரு வார்த்தை

எச்பிவி உடலுறவு மூலம் பரவும். இதைக் கேட்டதும் பல வீடுகளில் வரும் முதல் கேள்வி, "அப்போ இது யாரால வந்துச்சு?"

இதற்கு நர்ஸ்கள் சொல்லும் பதிலை ஆண்களும் தெரிந்துகொள்ள வேண்டும். உடலுறவில் ஈடுபடும் ஆண், பெண் பெரும்பாலானோருக்கு வாழ்வில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போகும். அறிகுறியே இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கலாம். எனவே பாசிட்டிவ் என்றால் துரோகம் என்று அர்த்தம் இல்லை. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆண்களுக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான எச்பிவி பரிசோதனை கிடையாது. ஆனால் ஆண்களுக்கு இதனால் பாதிப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஆணுறுப்பு, ஆசனவாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும் இந்த வைரஸ் காரணமாகிறது. ஆணுறுப்பில் ஆறாத புண், மரு, முன்தோல் பின்னால் போகாத பிரச்சனை இருந்தால், வெட்கப்பட்டு தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

சிகிச்சைக்குப் பின் நர்ஸ் சொல்லும் அறிவுரை

கிரையோதெரபி செய்த பிறகு சில வாரங்களுக்கு நீர் போல வெள்ளைப்படுதல் இருக்கும். அது இயல்புதான், பயப்பட வேண்டாம். சுமார் 4 வாரம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். உள்ளே எதையும் வைக்கவோ, கழுவவோ கூடாது. கணவரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. அதனால் சிகிச்சை நாளில் கணவரையும் உட்கார வைத்துப் பேசினால் நல்லது.

காய்ச்சல், கடுமையான அடிவயிற்று வலி, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மாதவிடாயை விட அதிகமான ரத்தப்போக்கு இருந்தால் உடனே திரும்பி வர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* வயது 30 ஆகிவிட்டதா? அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை.

* மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். முந்தைய நாள் உடலுறவு, பிறப்புறுப்பில் வைக்கும் மருந்துகளைத் தவிர்க்கலாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

* மாதவிடாய் நின்றவர்களுக்கு விஐஏ அவ்வளவு பொருத்தமானது அல்ல. வேறு பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* உடலுறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள்.

* பாசிட்டிவ் வந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல. திண்டுக்கல்லில் பரிசோதித்த 10 பேரில் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தது. ஆனால் அடுத்த கட்டப் பரிசோதனையை மட்டும் தவறவிட்டுவிடக் கூடாது.

* தடுப்பூசி போட்ட மகளும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லா எச்பிவி வகைகளையும் தடுப்பூசி தடுப்பதில்லை.

அடுத்து என்ன?

ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ல் தொடங்கியது. கர்ப்பப்பை வாய் பரிசோதனையை அப்படித் திண்ணையில் உட்கார வைத்துச் செய்ய முடியாது. அதற்கு அறை வேண்டும், வெளிச்சம் வேண்டும், பயிற்சியும் நேரமும் உள்ள நர்ஸ் வேண்டும். முக்கியமாக, பாசிட்டிவ் வந்த பெண் வீட்டுக்குத் திரும்பும் முன் சிகிச்சையும் கிடைக்க வேண்டும்.

இது நடக்குமா என்று சந்தேகப்படத் தேவையில்லை. 25 ஆண்டுக்கு முன்பே திண்டுக்கல் கிராமங்களில் நர்ஸ்கள் செய்து காட்டிய விஷயம் இது. மகளின் தடுப்பூசிக்கு பட்ஜெட்டில் இடம் கிடைத்துவிட்டது. அம்மாவின் பரிசோதனைக்கு நர்ஸும் அறையும் எப்போது என்பதையும் இனி சேர்த்தே கேட்க வேண்டும்.