டீயும் பெட்ரோலும்

பி.காம். முடித்து முதல் வேலையில் சேர்ந்த புதுசு. கேஷ் புக் என் கையில். டீ செலவு, காபி செலவு, போண்டா செலவு என்று மூன்று லெட்ஜர் திறந்து வைத்திருந்தேன். மேனேஜர் புரட்டிப் பார்த்தார். ‘‘ஏம்ப்பா தம்பி, மூணும் ஒரே வயித்துக்குத்தானே போகுது? ஒரே தலைப்புல போடு.’’

இதே வேலையைத்தான் கணித நிபுணர்கள் 250 வருஷமாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது.

1770-கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்லர் என்கிற சுவிஸ் மேதை. கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. ஆனாலும் கணக்கை விடவில்லை மனுஷர்.

ஒரு பக்கம் 1 + 1/8 + 1/27 + 1/64... என்று முடிவில்லாத கூட்டல். இன்னொரு பக்கம் 1/4 × 1, அதோடு 1/9 × (1 + 1/2), அதோடு 1/16 × (1 + 1/2 + 1/3)... இதற்கும் முடிவில்லை. இரண்டுக்கும் முகஜாடையே கிடையாது. கூட்டினால் ஒரே தொகை! சுமார் 1.202. ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு சார்!

இந்த இரண்டாவது ரகத்துக்கு மல்டிபிள் ஜீட்டா வேல்யூஸ் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ‘எடை’ உண்டு. 16 என்பது 4-ன் வர்க்கம், அடுக்கு 2. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்களுக்கு அடுக்கு 1. ஆக எடை 3.

எடை 10-க்குப் போனால் இப்படி 256 கூட்டல்கள். ‘7 தலைப்பு போதும்’ என்று 1990-களில் ஸாகியர் கணித்தார். அடுக்குகளில் 2-ம் 3-ம் மட்டும் வருபவை போதும், மற்றதெல்லாம் அவற்றைப் பின்னங்களால் பெருக்கிக் கூட்டினாலே வந்துவிடும் என்று 2012-ல் பிரான்சிஸ் பிரௌன் நிரூபித்தார். 2,2,2,2,2 என்று ஒன்று. 2,2,3,3-ஐ மாற்றி மாற்றி வைத்தால் ஆறு. மொத்தம் 7. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், டாலி ஆகிறது!

ஒற்றைப்படை எண்களுக்கு மட்டுமே அனுமதி, பிளஸ் மைனஸ் கலந்து வரும் என்றெல்லாம் வேறு ரகங்களும் உண்டு. அவற்றுக்கும் லெட்ஜர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் வில்லங்கம். அந்த 7-ம் நிஜமாகவே வேறு வேறா? தெரியாது. ‘7-க்கு மேல் வேண்டாம்’ என்பதற்குத்தான் நிரூபணம் இருக்கிறது. 7-க்குக் கீழே இறங்காது என்பதற்கு இல்லை. அவ்வளவு ஏன், எடை 5-ல் இரண்டே தலைப்பு. அது ஒன்றாகச் சுருங்காது என்றுகூட இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. கம்ப்யூட்டரில் தேடியும் அந்த இரண்டுக்கும் நடுவே எந்த உறவும் சிக்கவில்லை. ஆனால், சிக்கவில்லை என்பது சாட்சி ஆகாதே!

நல்லவேளை, என் மேனேஜர் டீயையும் போண்டாவையும் சேர்க்கச் சொன்னதோடு விட்டார். ‘டீயும் பெட்ரோலும் வேற வேறன்னு நிரூபி’ என்று கேட்டிருந்தால், அந்த முதல் மாசச் சம்பளமே எனக்கு இன்னும் வந்திருக்காது!