ஓப்பனிங் ஸ்டாக் எங்கே சார்?

மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று அக்னி நட்சத்திரம். இன்னொன்று பள்ளிக்கூட வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர்! 'பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி!' அக்னி நட்சத்திரமாவது சில வாரத்தில் இறங்கிவிடும். பேனர் இறங்காது. மழையில் நைந்து, யார் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்காவது கூரையாகப் போகும் வரை நிற்கும்.

தனியார் பள்ளி வைத்தால் சரி, வியாபாரம். இப்போது கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளும் வைக்கின்றன. வைக்கட்டும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை டெஸ்ட் என்று வாத்தியார்கள் தொண்டை வறண்டதற்கு ஒரு பேனர் கூடவா கிடையாது? சிக்கல் என்னவென்றால், அந்த ஒற்றை நம்பரைப் பார்த்துத்தான் பெற்றோர் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து என் பெரியப்பா மகன் போன் செய்தார். பையன் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டான். ஒன்பதாவதுக்கு வேறு ஸ்கூல் பார்க்க வேண்டும்.

"டேய், நீதான் பி.காம். படிச்சவனாச்சே! கணக்குப் போட்டுச் சொல்லு. ரோட்டு மேல ஒரு கவர்மென்ட் ஸ்கூல். நூறு பர்சென்ட். மலையடிவாரத்துல ஒண்ணு. அது தொண்ணூறுதான். எதுல போடறது?"

"அண்ணா, ஒன்பதாவதுல எத்தனை பேர் சேர்ந்தாங்க, பத்தாவது எத்தனை பேர் எழுதினாங்கன்னு கேட்டியா?"

"அதெல்லாம் எதுக்குடா? பர்சென்டைச் சொல்லிட்டேன்ல!"

இந்த 'அதெல்லாம் எதுக்குடா'வுக்குத்தான் இந்த வாரம் முழுப் பக்கமும்.

முதல் பாடம், சின்னக் கூட்டத்துக் கணக்கு. ஒரு பள்ளியில் 12 பேர் தேர்வு எழுதி ஒருவன் ஃபெயில். தேர்ச்சி 91.67 சதவீதம். இன்னொன்றில் 240 பேர் எழுதி 20 பேர் ஃபெயில். அதுவும் அதே 91.67! முதல் பள்ளியில் அந்த ஒருவனுக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்திருக்கலாம். அடுத்த வருஷம் காய்ச்சல் வரவில்லையென்றால் அதே பள்ளி, அதே வாத்தியார், அதே கரும்பலகை, 100 சதவீதம்! பேனர்!

இதில் ஏமாந்தது நாம் மட்டுமில்லை. அமெரிக்காவில் பில் கேட்ஸின் அறக்கட்டளையே, சின்னப் பள்ளிகள்தான் நன்றாகப் படிக்க வைக்கின்றன என்று நம்பி, பெரிய பள்ளிகளைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கப் பணத்தைக் கொட்டியது. ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியல் நிபுணர் 2007-ல் எழுதிய கட்டுரையில் காட்டினார்: முதலிடப் பட்டியலில் சின்னப் பள்ளிகள் அதிகம், வாஸ்தவம்தான். ஆனால் கடைசி இடப் பட்டியலிலும் சின்னப் பள்ளிகள்தான் அதிகம்! ஆள் குறைந்தால் சராசரி ஊஞ்சலாடும். அவ்வளவுதான் விஷயம். ஆகவே ஒரு வருஷத்து ரிசல்ட்டைப் பார்க்காதீர்கள். ஐந்து வருஷத்ததைச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது பாடம்தான் முக்கியம். எந்த மளிகைக் கடைக் கணக்கை எடுத்தாலும் முதல் வரி ஓப்பனிங் ஸ்டாக், அதாவது ஆரம்ப இருப்பு. அதை விட்டுவிட்டு லாபம் மட்டும் காட்டினால் ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிடுவார். பள்ளிக்கூட பேனரில் அந்த வரியே கிடையாது.

ஒரு உதாரணத்துக்கு இரண்டு பள்ளிகள். இரண்டிலும் ஒன்பதாவதில் 60 பேர். முதல் பள்ளியில் பத்தாவது எழுதியது 45 பேர். அத்தனை பேரும் பாஸ். 100 சதவீதம்! இரண்டாவதில் எழுதியது 58 பேர், பாஸ் 52. கிட்டத்தட்ட 90 சதவீதம். ஊரே முதல் பள்ளிக்கு ஓடும். இப்போது ஆரம்ப இருப்பை வைத்துப் போடுங்கள். முதல் பள்ளி 60-க்கு 45, அதாவது 75 சதவீதம். இரண்டாவது 60-க்கு 52, கிட்டத்தட்ட 87. யார் ஜெயித்தது?

அந்த 15 பேர் எங்கே போனார்கள்? சிலர் அப்பா அம்மாவோடு வேலைக்கு ஊர் மாறியிருப்பார்கள். சிலர் வேறு ஸ்கூல். மீதிப் பேரின் கதை வேறு. எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று பிள்ளையை மேலே அனுப்புகிறோம். வடிகட்டி ஒன்பதாவதில் காத்திருக்கிறது. "உங்க பையனுக்குப் படிப்பு வரலைங்க. டி.சி. வாங்கிட்டு, பத்தாவதைத் தனித்தேர்வா எழுதட்டுமே" என்று பக்குவமாகச் சொன்னால், கூலி வேலையிலிருந்து ஓடி வந்த அப்பா என்ன செய்வார்? "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போடுவார்.

எல்லா ஹெட்மாஸ்டரும் இப்படி என்று சொல்லவில்லை. பள்ளிக்கு வராத பையனை வீடு தேடிப் போய் அழைத்து வருகிற வாத்தியார்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் மேலேயிருந்து டார்கெட் வந்தால் கீழே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? மார்ச் 31-க்குள் டார்கெட்டைக் காட்ட, ஏப்ரல் சரக்குக்கு மார்ச்சிலேயே பில் போடுகிற ஆட்கள்தானே நாம்!

மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-ல் நிறுத்தினார்கள். மாவட்டப் பட்டியல் மட்டும் நிற்கவில்லை. 2024 பிளஸ் டூ ரிசல்ட்டில் திருப்பூர் 97.45 சதவீதத்தோடு முதலிடம். திருவண்ணாமலை 90.47-ல் கடைசி. கடைசியாக வந்த மாவட்டத்தில் அடுத்த மீட்டிங் எப்படி இருக்கும் என்பதை உங்கள் ஆபீஸ் ரெவ்யூ மீட்டிங்கை நினைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் இதில் நமக்கு சீனியர். இங்கிலாந்தில் 1992-லேயே பள்ளிகளைத் தரவரிசைப்படுத்திப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பக்கத்து வேல்ஸ், 'நமக்கு இது வேண்டாம்' என்று 2001-ல் கைவிட்டது. இங்கிலாந்தில் சில பள்ளிகள் வீக்கான பிள்ளைகளை ரிஜிஸ்டரிலிருந்து நைசாகக் கழற்றிவிட, அதைப் பிடிப்பதே இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. 2016-ல் கணக்கையே மாற்றினார்கள். 11 வயதில் பையன் எங்கே இருந்தான், 16 வயதில் எங்கே வந்தான் என்று இரண்டையும் பார்த்தார்கள். நம்ம ஓப்பனிங் ஸ்டாக்கேதான்!

இப்போது கலசப்பாக்கம். இந்த ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் செய்யாற்றங்கரைச் சமவெளியும் உண்டு, மேலே ஜவ்வாது மலையும் உண்டு. கீழே கல்வித்துறை நடத்தும் பள்ளிகள். மலைமேல் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகளும் உண்டு. கீழே சைக்கிளில் வருகிற பையனையும், மலையில் மைல் கணக்கில் நடக்கிற, வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் தூக்குகிற பையனையும் ஒரே தராசில் நிறுத்தினால், எடை சரியாக இருக்கும். நியாயம் இருக்காது.

மலையில் ரிஜிஸ்டரிலிருந்து ஒரு பெயர் விழுந்தால் அது வெறும் சதவீதமில்லை. 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் வனப்பகுதியில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கையில் சர்டிபிகேட் இல்லாத பையனைத்தான் 'ஒரு ட்ரிப் போனா ஆயிரக்கணக்கில் கிடைக்கும்' என்று கூப்பிடுவது ஏஜென்ட்டுக்குச் சுலபம். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு கூப்பிடும்.

இதே ஜவ்வாது மலையில் காவலூரில், 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. கோடி கோடி மைலுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரம் அதில் தெரியும். ஒன்பதாவது 'பி' செக்ஷனில் காணாமல் போன பையனைப் பார்க்கத்தான் இன்னும் கண்ணாடி வரவில்லை.

சரி, பெரியப்பா மகனுக்கு என்ன சொன்னேன்? ஸ்கூலுக்கு நேரில் போய் நாலு கேள்வி கேட்கச் சொன்னேன். கோபப்படாமல், வணக்கம் வைத்துவிட்டு.

ஒன்று: போன ஐந்து வருஷத்தில் ஒன்பதாவதில் எத்தனை பேர், அதில் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர்?

இரண்டு: கணக்கு, சயன்ஸ் வாத்தியார் இடம் காலியா? காலியென்றால் எத்தனை மாதமாக?

மூன்று: ஸ்பெஷல் கிளாஸ் முடிகிற நேரத்துக்கு ஊருக்கு பஸ் உண்டா? இலவச பஸ் பாஸ் இருக்கிறது, சரி. பஸ்ஸே இல்லாவிட்டால் அந்தப் பாஸை வைத்து விசிறிக்கொள்ளத்தான் முடியும். (மகளைச் சேர்ப்பதாக இருந்தால் கூட ஒன்று: கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா?)

நான்கு: பத்தாவது முடித்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் ஒன் சேர்ந்தார்கள்? இதற்குப் பெயர் கேரி ஃபார்வர்ட். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய். பெண்களுக்கு 2022-லிருந்து, பையன்களுக்கு 2024-லிருந்து. பாதியில் நின்றவனுக்கு அது கிடையாது.

பதில் சொல்லாவிட்டால்? ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யு-டைஸ் எண் உண்டு. அதை வைத்து எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று பார்த்துவிடலாம். அதுவும் வேண்டாமென்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்குப் போனால் டீயும் மிக்சரும் மட்டுமில்லை, கணக்கும் கேட்கலாம்.

கடைசியாக ஹெட்மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மே மாதம் பேனரை இப்படி அடித்துப் பாருங்கள்: 'எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 60. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 60.'

பாஸானது எத்தனை பேர் என்கிறீர்களா? அதைக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் சார்!