கீழாநெல்லிக்கு ஒரு முழுமையான சோதனை வேண்டும்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்கும் மோதி பாக்கிலிருந்து எய்ம்ஸும், வசந்த் குஞ்சில் உள்ள ஐ.எல்.பி.எஸ். கல்லீரல் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. இவ்வளவு அருகில் சிகிச்சை இருந்தும், கல்லீரல் புற்று என்றதும் ஊரிலிருந்து மூலிகைப் பொடி வரவழைக்கும் வழக்கம் நம்மிடம் போகவில்லை. அந்தப் பொடிக்குப் பலன் உண்டா என்று சோதித்துச் சொல்லும் கடமை அரசுடையது.

1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ்-பி வைரஸைச் சுமந்தவர்களில் 37 பேர் 30 நாள் கீழாநெல்லி உட்கொண்டனர். 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. கல்லீரல் புற்றுக்கு முக்கியக் காரணமான வைரஸ் இது என்பதால் எழுந்த நம்பிக்கை பெரிது. பின்னர் தாய்லாந்தில் நடந்த ஆய்வில் அந்தப் பலன் கிட்டவில்லை. செடியின் இனம் வேறா, விளைந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா? தெளிவான விடை இன்றும் இல்லை. கீழாநெல்லிப் பொடியின் விற்பனை மட்டும் நிற்கவில்லை.

பிற மூலிகைகளிலும் எச்சரிக்கை வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் ஆய்வகத்தில் புற்றணுக்களின் பரவலைத் தடுக்கிறது; உண்டாலோ மிகச் சிறிதளவே ரத்தத்தில் சேர்கிறது. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பழுதானவர்கள் அமெரிக்காவில் உண்டு. சீந்தில் உட்கொண்டு கல்லீரல் அழற்சிக்கு ஆளானவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஏற்கெனவே நொந்த கல்லீரலில் மூலிகைச் சோதனையை வீட்டிலேயே நடத்துவது கொடுமை.

செடிகளிடம் மருந்து இல்லை என்பதல்ல நம் வாதம். நம் வீட்டு நித்தியகல்யாணி தந்த வின்கிறிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றில் உயிர் காக்கிறது. எபிமீடியம் என்ற மூலிகையிலிருந்து பிறந்த இக்காரிட்டினை, முற்றிய கல்லீரல் புற்றுக்கான மருந்தாக 2022இல் சீனா அனுமதித்தது. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்த பிறகே அந்த அனுமதி கிடைத்தது. நம்மாலும் முடியும்.

ஆயுஷ் அமைச்சகம், எய்ம்ஸ், ஐ.எல்.பி.எஸ். மூன்றும் சேர்ந்து, தரப்படுத்திய கீழாநெல்லிச் சாற்றைப் பல மருத்துவமனைகளில் சோதிக்க வேண்டும். வழக்கமான சிகிச்சையை எவருக்கும் நிறுத்தாமல். முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிட வேண்டும். அதுவரை, புற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வோர் மீது, அத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் பாய வேண்டும். புற்றுக்குக் காரணமான வைரஸையே தடுக்க, பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடப்படுவதையும் அரசு உறுதிசெய்ய வேண்டும்.