அவனுக்கும் ஒரு கிண்ணம் களி

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் இந்த வாரம் ஒரு சுவரொட்டி. தொண்ணூறே நாளில் இயற்கையாகக் கருத்தரிக்கலாம், மூலிகைப் பொடி, பாலில் கலந்து இரண்டு வேளை. படத்தில் ஒரு பெண் வயிற்றில் கை வைத்துச் சிரிக்கிறாள். அவள் பக்கத்தில் புருஷன் என்று ஒருவன் இல்லவே இல்லை. ஆடித் தபசுக்கு வந்து இறங்குகிற கூட்டத்தின் கண்ணில் பட வேண்டும் என்று இடம் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். பொடியைவிட அந்தப் படம்தான் எரிச்சலைக் கிளப்பியது.

சாப்பாட்டால் பலன் உண்டா என்றால், உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ஹோர்ஹே சவாரோவும் வால்டர் வில்லெட்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு 17,544 செவிலியரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. பருப்பு, பயறு வழியே வரும் புரதம், தவிடு நீக்காத தானியம், இரும்புச்சத்து, அளவான உடல் எடை, தினசரி உடலுழைப்பு என்று ஒரு பட்டியல். அதில் ஐந்தையோ அதற்கு மேலோ கடைப்பிடித்தவர்களுக்கு, கருமுட்டை சரியாக வெளியேறாததால் வரும் குழந்தையின்மை 69 சதவீதம் குறைவாக இருந்தது. எடை கூடிய சினைப்பை நீர்க்கட்டிப் பெண்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வருவதை மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். ஆனால் கருக்குழாய் அடைத்திருந்தால் எந்தப் பருப்பும் அதைத் திறக்காது. வயது ஏறுவதையும் எந்தக் கீரையும் நிறுத்தாது.

அதே ஆய்வுக் குழு வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பையும் விடவில்லை. ஒரு நாள் உணவின் கலோரியில் வெறும் 2 சதவீதம் மாவுச்சத்துக்குப் பதில் டிரான்ஸ் கொழுப்பாக மாறினாலே, அந்தவகைக் குழந்தையின்மை அபாயம் 73 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. 2022 முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதற்கு 2 சதவீத வரம்பு இருக்கிறது. நல்ல சட்டம். காலையில் வடை பொரித்த எண்ணெயிலேயே ராத்திரி பரோட்டாக் கடை ஆம்லெட் வரைக்கும் ஓட்டுகிற வாணலியை யார் பார்ப்பது?

இந்தப் பக்கத்து அடுப்படி அந்தப் பட்டியலுக்கு ஒன்றும் அந்நியமல்ல. தோல் உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு வெந்தயம், முழுப் பூண்டு, தேங்காய்ப்பூ சேர்த்துக் குழைய வடித்தால் உளுந்தஞ்சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பெண் பிள்ளை வயசுக்கு வந்த வீட்டில் கருப்பட்டிப் பாகில் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தால் அதே களி மறுபடி வரும், அவளுக்கு மட்டும். கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வதும், செவ்வாய் வெள்ளி விரதமும், ஸ்கேனும் அவளுக்கே. அவள் புருஷன் ஒரு டீயும் சிகரெட்டுமாகத் தறிக்குக் கிளம்பிவிடுவான்.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காரணத்தின் ஒரு பங்காவது ஆணின் பக்கம் இருக்கிறது. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். பிறகு அது முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாட்கள். அதனால் அவன் இன்று விடுகிற புகையிலை, குறைக்கிற தொந்தி, நிறுத்துகிற பிராந்தி எல்லாம் மூன்று மாதத்தில் கணக்கில் தெரிய வாய்ப்பிருக்கிறது. விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். வெல்டிங், பேக்கரி அடுப்பு, நாள் முழுக்க லாரி இருக்கை என்று சூட்டோடு பிழைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிம்மில் கை பருக்கப் போடுகிற டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். மாத்திரையில் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம்: 2,370 தம்பதியரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2020-இல் வெளியான பரிசோதனையில் துத்தநாகமும் போலிக் அமிலமும் சேர்த்து விழுங்கிய ஆண்களுக்கு ஒரு நன்மையும் வரவில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை விட்டுவிட்டு இதை எழுதவே முடியாது. அதில் காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள், பிள்ளையில்லை. கசப்புச் சாற்றை விழுங்குகிறவள் பொன்னா. திருச்செங்கோட்டு மலை உச்சியில், தவறினால் பாதாளம் என்கிற இடத்தில், வறடிக்கல்லைச் சுற்றி வருகிறவளும் பொன்னா. காளி கெட்டவன் இல்லை. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று ஊரே சொல்லியும் மறுக்கிறான். அவள்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் ‘இன்னொருத்தி’ என்ற அந்த யோசனைக்குள்ளேயே குறை இவளுடையது என்ற தீர்ப்பு இருக்கிறது. பிள்ளையில்லாதவள் அந்நிய ஆணோடு கூடலாம் என்று நாவலில் வரும் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவோ எதிர்க் கணக்கு போடுகிறது: வேறொரு ஆண் என்றால் அவளுக்குப் பிள்ளை நிற்கலாம். அந்தக் கதைக்குள் ஊர் வாய்விட்டுச் சொல்லாமல் ஒப்புக்கொண்ட விஷயம் அது. 2014 கடைசியில் எழுந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில் எழுத்தாளர் தான் செத்துவிட்டதாக அறிவித்ததில், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்குத் தடையில்லை என்றதில், ஊர் மானமும் கருத்துரிமையும் நிறையப் பேசப்பட்டன. காளியின் உடம்பைப் பேசியவர்கள் குறைவு. முடிவை இரு விதமாகத் தொடர்கிற அடுத்த இரண்டு நாவல்களில், ‘ஆலவாயன்’ காளி இறந்துவிட்ட பின்னான கதை, ‘அர்த்தநாரி’ பிழைத்துக்கொண்டவன் கதை. எப்படிப் படித்தாலும் அவனை நெரித்தது ஆண்மை பற்றிய அந்த அச்சம்தான்.

காளி காலத்தில் அவனுக்குப் போய்ப் பார்க்க ஓர் இடமில்லை. இன்றைக்கு இருக்கிறது. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு எடுத்த விந்தை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்தால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. பெண்ணின் கருக்குழாயைப் பார்க்க மருந்து ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரேயின் வேதனையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஒரு மில்லியில் 1.6 கோடிக்குக் கீழே எண்ணிக்கை வந்தாலும் ஒரே முடிவை வைத்து இடிந்துபோக வேண்டாம். இன்னொரு முறை பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். விதைப்பை இரத்தநாள வீக்கம் போன்ற சிலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. சேர்ந்து வாழ்ந்து ஒரு வருஷம் ஆகியும் கரு நிற்காவிட்டால், மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், இருவரும் ஒரே நாளில் போக வேண்டும். சிகரெட்டை விட்டவனுக்கு மறு பரிசோதனை மூன்று மாதம் கழித்து. அதுவரைக்கும் கல்யாண வீட்டில் “என்ன மதினி, விசேஷம் உண்டுமா?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலையை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.