அன்புவின் தாடையும் கண்ணகியின் சினமும்

அனுப்பம்பட்டு நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி அதிக நேரம் நிற்பதில்லை. 2025 ஆகஸ்டில் 'கூலி' வெளியான வாரத்தில், அந்தச் சிறு பொழுதுக்குள் ஏறிய மாணவர் நால்வர், இருக்கை தேடுவதற்கு முன்பே விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடர்ந்தனர். வழக்கின் பொருள் அன்புவின் தாடை.

அறியாதோர்க்காகச் சொல்கிறோம். 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யில் அன்பு என்னும் கொடியவன் இறுதியில் வீழ்கிறான். 2022 ஜூனில் வந்த 'விக்ரம்' படத்தின் கடைசிக் காட்சியில், தாடையில் தையல் தழும்போடு மீண்டும் நிற்கிறான். எப்படி? காவலர் நெப்போலியன் 'கைதி'யில் அடித்த அடியில் தாடை உடைந்தது, அதன் தழும்பே இது என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜே ரசிகர்களுக்கு விளக்கம் தர வேண்டியிருந்தது. மாணவருள் ஒருவர் அந்த விளக்கத்தை ஏற்றார். மற்றொருவர் ஏற்கவில்லை. ஏற்காதவர் நம்மை அடையாளம் கண்டு, "சார், நீங்க சொல்லுங்க, இது சரியா வருதா?" என்றார். பொன்னேரி வந்துவிட்டது. அன்று சொல்லாத விடை இது.

முதலில் ஓர் ஒப்புதல். அம்மாணவர்களின் கூர்மை நம்மைப் பொறாமை கொள்ளச் செய்தது. குறுந்தொகைப் பாட்டொன்றில் பேசுவது தலைவியா தோழியா என்று வகுப்பில் கேட்டால் கூரையைப் பார்ப்பவர்கள், மூன்று படங்களில் சிதறிக் கிடக்கும் சிறு பாத்திரங்களின் வரவு செலவுக் கணக்கைப் பிசகின்றிச் சொல்கிறார்கள். 'விக்ரம்' வெளியாவதற்கு முதல்நாள், 'கைதி'யை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநர் எழுத்துமூலம் வேண்டிக்கொண்டார். வீட்டுப்பாடம் கொடுத்தார் என்றே சொல்லலாம். அதைச் செய்தும் வந்தார்கள். எந்த ஆசிரியருக்கு வாய்க்கும் இப்பேறு?

இவ்வேட்கையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடத் தமிழ்த்துறையினர்க்கு உரிமையில்லை. உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றிய நாள்தொட்டு நாம் செய்துவருவதும் இதுதானே? எக்காப்பியம் முந்தியது, பதிகம் யார் எழுதியது, இவர் சொல்ல அவர் கேட்டாரா, அவர் சொல்ல இவர் கேட்டாரா என்று எத்தனை ஏடுகள் எழுதித் தீர்த்தோம்! நாமும் தாடைத் தழும்பைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தோம். அவ்வாராய்ச்சி வீணன்று. ஆனால் அதற்குள் முழுவதும் அமிழ்ந்துவிட்டால் நழுவிப்போவது ஒன்று உண்டு.

மணிமேகலை வஞ்சி நகருக்குச் சென்று கண்ணகியின் படிமத்தை வணங்கும் இடத்தை நினைவுகூர்க. சிலம்பின் உச்சம் மதுரை எரிந்தது. அங்கே அது கற்பின் வென்றி. அதற்காகவே சேரன் இமயத்துக் கல்லெடுத்துக் கோயில் சமைத்தான். சாத்தனாரோ, அந்தக் கோயிலுக்குள்ளேயே, அந்தக் கண்ணகியின் வாயாலேயே வேறொன்றைச் சொல்லவைக்கிறார். நல்வினையால் வானுலகம் பெற்றோம், அது தீர்ந்தபின் நகரை எரித்த சினத்தின் பாவம் எங்களை வந்தடையாமல் போகாது என்று தெய்வமே மகள் முறையாளிடம் ஒப்புக்கொள்கிறது. முதற்கதை கொடுத்த மாலையை இரண்டாங்கதை கழற்றிப் பார்க்கிறது. நிகழ்ச்சிகள் ஒட்டுகின்றனவா என்பது அங்கே சிறு செய்தி. முன்னதன் வீரத்தைப் பின்னது எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதே பெருஞ்செய்தி. பௌத்தம் சார்ந்த பார்வை அது, ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மணிமேகலையைப் படித்தவர் பழைய கண்களோடு சிலம்புக்குத் திரும்ப முடியாது. தொடர்கதைக்கு அமைய வேண்டிய தொடர்ச்சி இதுவென்பது நம் துணிபு.

இந்த அளவுகோலோடு 'விக்ர'மைப் பார்த்தால் வியப்பான ஒன்று தென்படுகிறது. 1986இல் சுஜாதாவின் எழுத்தில் உருவான 'விக்ரம்' படத்தின் ஒற்றன், அரசாங்கம் ஏவினால் பாயும் இளைஞன். 36 ஆண்டுக்குப் பின் வந்தவனோ அரசாங்கமே கைவிட்டவன். மகனைப் பறிகொடுத்துப் பேரனைக் காத்து நிற்பவன். பழைய சாகசத்தின் மீது பின்னது இடும் கேள்விக்குறி அது. திரையரங்கை அதிரவைத்ததோ சில நிமிடங்களே தோன்றும் ரோலக்ஸ். ரோலக்ஸின் மீது நமக்கு வருத்தமில்லை; சூர்யா நன்றாகவே மிரட்டினார். கிழவனின் துயரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்பதுதான் குறை.

2023 அக்டோபரில் வந்த 'லியோ'வில் நிலைமை இன்னும் மோசம். 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' படத்துக்குக் காணிக்கையாக எடுக்கப்பட்ட கதை அது. புதுப்பெயர் சூட்டிக்கொண்டவன் பழைய கொலைகளிலிருந்து விடுபடுவானா என்பது அதன் கேள்வி. ரசிகர் நினைவில் தங்கியதோ நெப்போலியனின் வருகையும், இறுதியில் தொலைபேசியில் வரும் கமல்ஹாசனின் குரலும். பின்னோக்கிய காட்சி பொய்யாகவும் இருக்கலாம் என்று இயக்குநர் பிறகு நேர்காணலில் சொன்னார். மனிதனின் நினைவையே ஐயுறவைக்கும் அருமையான வாசல் அது. அதையும் கணக்குப் பிழைக்கு ஒட்டுப்போட்டதாகவே கொண்டார்கள். 'கூலி' இந்த வரிசையில் சேராது என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டும், ஆமிர்கான் வந்தவுடன் ரோலக்ஸை எடுத்துத் தராசில் வைத்தார்கள். கொடுக்காத வாக்குக்கு ஏமாற்றம்!

தாடையைச் செப்பனிட்டு ஆளை மறந்த தவறு ரசிகர்க்கு மட்டும் உரியதன்று. 'எந்திரன்' (2010) முடிவில், 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில் பிரிந்து கிடக்கும் சிட்டி, தன்னைக் கழற்றியது ஏன் என்று கேட்கும் சிறுமிக்கு, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்கிறது. தமிழ் வணிகப்படம் எட்டிய நல்ல முடிவுகளுள் ஒன்று. 2018இல் '2.0' வந்தது. 2030இல் கழன்று கிடப்பது நடுவில் எழுந்து வந்ததெப்படி என்று அப்போதும் ஒரு மாணவர் கேட்டார். நமக்கு எழுந்த கேள்வி வேறு. சிந்திக்கத் தொடங்கிய இயந்திரத்தை, பறவைகளுக்காகக் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொண்ட பட்சிராஜனுக்கு எதிரே நிறுத்துகிறார்கள். அது என்ன சிந்தித்தது? ஒன்றுமில்லை. உடலைப் பூட்டி எழுப்பியவர்கள் சிந்தனையை அருங்காட்சியகத்திலேயே விட்டுவிட்டார்கள்.

பழவேற்காட்டு ஏரியின் ஓரத்தில் வாழ்வோர்க்கு இக்கேள்வி வெறும் கதைக்கேள்வி அன்று. பனிக்காலத்தில் பூநாரைகள் இறங்கும் நீர் அது. கைப்பேசிக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்னும் படத்தின் வாதம் அறிவியலார் ஒருமித்து ஏற்றதன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் படம் வருமுன்பே தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. இங்குள்ள மீனவரைக் கேட்டால் கோபுரத்தைச் சொல்லமாட்டார். முகத்துவாரம் தூர்ந்து கடல்நீர் வரத்து குறைவதைச் சொல்வார். மீன் குறைந்த ஏரிக்குப் பறவை எதற்கு வரும் என்பார். பட்சிராஜனின் அறச்சினம் சரியா, அவன் கொண்ட காரணம் சரியா, அச்சினத்தின் பாவம் யாரைச் சேரும்? கண்ணகியிடம் சாத்தனார் கேட்டது இதைத்தான். '2.0'வைப் பற்றி அந்நாளில் நம் காதில் விழுந்த பேச்சு எதிலும் இக்கேள்வி இல்லை.

நிற்க. அந்த மாணவரை மறுவாரம் கல்லூரியில் கண்டு, அன்பு எப்படிப் பிழைத்தான் என்பதை விடுங்கள், டில்லியின் மகள் அமுதா வளர்ந்தபின் தந்தையின் அந்த ஓரிரவைப் பற்றி என்ன நினைப்பாள் என்று கேட்டோம். விழித்தார். வஞ்சி மாநகர் புக்க காதையைப் படித்துவரச் சொன்னோம்.

மூன்றாம் நாள் கோபமாக வந்தார். "கண்ணகி இப்படிச் சொல்லவே மாட்டா சார். புருஷனை அநியாயமா கொன்னாங்க. அவ ஏன் பாவம்னு ஒத்துக்கணும்? இளங்கோவடிகள் கண்ணகியைச் சாத்தனார் கெடுத்துட்டார்" என்றார்.

இருபதாண்டுக்கு மேல் இப்பாடத்தை நடத்தியிருக்கிறோம். எந்த மாணவரும் சாத்தனார் மீது கோபப்பட்டதில்லை. மணி அடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.