தீர்ப்பு வந்தாச்சு... பணம் வந்ததா?



போன இதழில் மாவடு போடுவது பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கல் உப்பு, விளக்கெண்ணெய், பீங்கான் ஜாடி என்று போய்க்கொண்டிருக்க, நடுவில் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதம். "மாதம் ஐயாயிரம் ஜீவனாம்சம் என்று கோர்ட்டில் தீர்ப்பாகி ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் ஒரு பைசா கைக்கு வரவில்லை. ஊறுகாய் கெடாமல் இருக்க வழி சொல்கிறீர்களே, இதற்கு ஒரு வழி எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார்.

படித்துவிட்டு அடுப்பை அணைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் வக்கீல் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் என் அக்கா மகளுக்காக மூன்று வருஷம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குமாக பஸ்ஸில் அலைந்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்துக்குப் பேர்தான் விருதுநகர். ஜில்லாக் கோர்ட் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாளைக் கும்பிடவும் பால்கோவா வாங்கவும் மட்டுமே போய்க்கொண்டிருந்த ஊருக்கு, வாய்தா தேதி பார்த்துப் போக வேண்டி வந்தது. அங்கே மரத்தடியில் காத்துக் கிடந்த நேரத்தில் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சகோதரிக்கு. அம்மா, நாளைக்கே கிளம்புங்கள். உத்தரவு போட்ட கோர்ட் தானாகப் பணத்தை வசூல் பண்ணி வீட்டுக்கு அனுப்பாது. "தரவில்லை" என்று நாம்தான் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதற்குக் கெடு உண்டு. எந்த மாதத்துப் பணம் நிலுவையோ, அது தர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்டு பிறப்பிப்பார்கள். என் அக்கா மகளும் முதலில் இப்படித்தான் இருந்தாள். "தீபாவளிக்குப் போனஸ் வந்ததும் தாரேன்னு சொன்னாரு சித்தி." தீபாவளி போய்ப் பொங்கல் வந்தது. பொங்கல் போய்ப் பங்குனிப் பொங்கலும் வந்தது. ஏழு மாதம்! உங்களுக்கு ஒன்பது. இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் முதல் மாதத்துப் பணம் கையை விட்டுப் போக ஆரம்பித்துவிடும்.

சட்டத்தின் நம்பரும் மாறிவிட்டது, கவனியுங்கள். வழக்கமாக எல்லாரும் "125 போட்டிருக்கேன்" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144-ஆவது பிரிவு. விஷயம் பெரும்பாலும் அதேதான். நாம் குடியிருக்கும் ஊரிலேயே, பிறந்த வீட்டிலிருந்தபடியே வழக்குப் போடலாம். விவாகரத்து ஆகி மறுமணம் செய்யாதவளும் கேட்கலாம். முன்பு ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். 2001-ல்தான் அதை எடுத்தார்கள். அந்த ஐந்நூறில் பிள்ளைகளை வளர்த்த அம்மாக்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சொன்னது நமக்குப் பெரிய உபகாரம். கணவன், மனைவி இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், பாலிசி எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுக்க வேண்டும். "எனக்கு வேலையே இல்லை" என்று வாயால் சொல்லித் தப்ப முடியாது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். தராமல் இழுத்தால், சிவில் கோர்ட் பண டிக்ரியை வசூலிப்பது போலவே சம்பளத்தை ஜப்தி பண்ணலாம்.

சம்பளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணக் கடனுக்கு ஜப்தி என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத்துக்கு அப்படி இல்லை. மூன்றில் ஒரு பங்கை அந்த மனிதர் சாப்பாட்டுக்கு விட்டால் போதும், மற்ற இரண்டு பங்கிலும் கை வைக்கலாம். எங்கள் வக்கீலம்மா இதைச் சொன்னபோது நான் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தவரின் சம்பளத்தில் கோர்ட் உத்தரவுப்படி மாதம் ஏழாயிரம் பிடித்தம் ஆரம்பித்த பிறகுதான் எங்கள் பெண் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. ஆகவே புருஷனின் சம்பளச் சீட்டு, பாஸ்புக் முதல் பக்கம், பாலிசி நம்பர் எது கண்ணில் பட்டாலும் நகல் எடுத்து வையுங்கள். வீட்டை விட்டு வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

"ஜெயிலுக்குப் போனாலும் போவேன், பணம் தர மாட்டேன்" என்கிறவர்களும் உண்டு. தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம் என்பது சட்டம். "உள்ளே இருந்துட்டு வந்தா கடன் கழிஞ்சிருமா சித்தி?" என்று இவள் பயந்தாள். கழியாது. குல்தீப் கௌர் என்ற பெண்ணின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஜெயில் என்பது பணத்தை வாங்குவதற்கான நெருக்கடிதான். பணம் பணமாகவே நிற்கும்.

வீம்புக்கும் குறைவில்லை. 2024 டிசம்பரில் கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? இடைக்கால ஜீவனாம்சம் இரண்டு லட்சம் தரச் சொல்லியிருந்தார்கள். அந்த மனிதர் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாகவே மூட்டை கட்டிக் காரில் கொண்டுவந்து இறக்கினார். நோட்டாக மாற்றிக் கொண்டு வா என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். அத்தனை சில்லறை சேர்க்கப் பட்ட பாட்டை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடி, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அத்துவிட்டாச்சு என்று பேர். அது சட்டப்படி விவாகரத்தும் ஆகாது. அதே சமயம், சம்மதத்தோடு தனியாக வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அந்தப் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. நாளைக்கு எதிர்த்தரப்பு அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டும். கோர்ட்டில் முறைப்படி பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கினவளுக்கு இந்தத் தடை கிடையாது. பஞ்சாயத்துக் காகிதத்தில் மட்டும் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள், மாமனாரே கண் கலங்கிக் கேட்டாலும்.

இனி நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம். எங்கள் தெருவில் ஒரு பெண். தளவாய்புரம் வியாபாரிகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள். விவாகரத்தின்போது மாதம் நாலாயிரம் என்று பேசி முடித்தார்கள். அந்த மனிதரும் நல்லவர்தான், லாரி டிரைவர், பணம் அனுப்பத் தவறவில்லை. நாலாவது வருஷம் நெஞ்சுவலி. ஒரே ராத்திரியில் போய்விட்டார். மறு மாதத்திலிருந்து நாலாயிரம் நின்றது. யாரிடம் போய்க் கேட்பாள்? பாலிசி ஒன்று இருந்தது ஞாபகம் வந்து போய் விசாரித்தால், இரண்டு தவணை கட்டி அதற்கப்புறம் கட்டவே இல்லையாம். காலாவதி. விவாகரத்துப் பேச்சில் அந்தப் பாலிசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அவள் மிஷின் சத்தம் கேட்கிறது.

ஆக, மாதா மாதம் வரும் ஜீவனாம்சம் என்பது அந்த மனிதரின் மூச்சோடு கட்டின பணம். அமெரிக்காவில் பல மாநிலங்களில், ஜீவனாம்சத்துக்குப் பாதுகாப்பாக ஆயுள் பாலிசி வைத்திருக்கும்படி கோர்ட்டே சொல்வதுண்டாம். இங்கே அது வழக்கத்தில் இல்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. 1874-லேயே வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 6-ஆவது பிரிவின்படி ஒருவர் தன் பாலிசியை எடுக்கும்போதே "இது மனைவி, பிள்ளைகள் நன்மைக்கு" என்று எழுதி எடுத்துவிட்டால், அது அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடும். பிறகு அவராலேயே அதை மாற்ற முடியாது. கடன்காரனும் தொட முடியாது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தச் சலுகை நாட்டின் மற்ற பகுதிகளில் 1923-ல்தான் வந்தது. நம் மதராஸில் மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாக நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை எடுக்கும்போதே செய்ய வேண்டும், பழைய பாலிசியை இப்படி மாற்ற முடியாது. பெயர் எழுதும்போது பிள்ளைகள் பெயரையும் கண்டிப்பாகச் சேருங்கள். மனைவி என்ற உறவு கோர்ட்டில் முடிந்துபோனால் தகராறு கிளம்பலாம். பிள்ளை என்றைக்கும் பிள்ளைதான். தாய்மாமனை டிரஸ்டியாகப் போடலாம்.

பழைய பாலிசிதான் இருக்கிறது என்றால், நாமினி போட்டிருக்கிறார் என்று நம்பி உட்காராதீர்கள். நாமினியை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாலிசியை உங்கள் பேருக்கு முழுசாக அசைன்மென்ட் செய்து, கம்பெனியில் பதிவு செய்து வாங்குங்கள். அதன் பிறகு அது உங்கள் சொத்து. தவணையையும் நீங்களே கட்டிவிடுங்கள். அவர் கட்டுவார் என்று விட்டால் எங்கள் தெருக்காரி கதைதான்.

சொத்து பத்து உள்ள இடமென்றால் இன்னொன்றும் கேட்கலாம். இந்து திருமணச் சட்டம் 25-ஆவது பிரிவிலேயே, ஜீவனாம்சத்துக்கு அவருடைய வீடு, நிலத்தைப் பொறுப்பாக்கி உத்தரவு போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவை சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸில் பதிந்து, வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று போட்டுப் பார்த்துவிடுங்கள். விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கினவனிடம் பிறகு போய் மல்லுக்கு நிற்க முடியாது.

எங்கள் பெண் விஷயத்தில் நிலம் நீச்சு கிடையாது. கடைசியில் பரஸ்பர சம்மதம் என்று முடிவானது. மொத்தமாக ஐந்து லட்சம், பையனுக்கு மாதம் மூவாயிரம், அவருடைய இரண்டு லட்ச ரூபாய்ப் பாலிசியை இவள் பேருக்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டோம். பாலிசி என்றதும் அவரை விட இவள்தான் முதலில் குதித்தாள்.

"அந்த மனுஷன் சாவை வச்சு நான் கணக்குப் போடவா சித்தி? எனக்கு வேண்டாம்."

எனக்கும் ஒரு நிமிஷம் வாய் அடைத்துத்தான் போனது. அப்புறம் சொன்னேன்: "உனக்கு வேண்டாம்தான்டி. பையனுக்கு ஆறு வயசு. அவன் படிச்சு முடிக்க இன்னும் பதினஞ்சு வருஷம். அவங்கப்பா நூறு வயசு இருக்கட்டும், நான் ஆண்டாள்கிட்டயே வேண்டிக்கிறேன். அதுக்காகக் காகிதம் இல்லாம இருக்க முடியுமா?" அவள் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் ராஜபாளையம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது, "சரி சித்தி, கேளுங்க" என்றாள்.

பரஸ்பர சம்மதத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவே பொதுவாக ஆறு மாதம் இருக்கும். அந்த ஆறு மாதத்துக்குள் எல்லாக் காகிதமும் கைக்கு வந்துவிட வேண்டும், அப்புறம்தான் இரண்டாவது கையெழுத்து என்று வக்கீலம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சம்மதப் பத்திரத்திலும் அப்படியே எழுதினார். அவருக்கு ஃபீஸ் நாங்கள் கொடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 1987-ஆம் வருஷச் சட்டம் அது. வெளியூர்ச் சகோதரிகள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

ஐந்து லட்சம் வந்த அன்றே என் அண்ணன், "பேண்டேஜ் தறி போடலாம், நல்ல லாபம்" என்று வந்து நின்றான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பணத்தைத் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டாள். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 7.4 சதவீதம் என்று ஆனது. இவள் போட்டபோதும் அதேதான். அந்தக் கணக்கில் ஐந்து லட்சத்துக்கு மாதம் 3,083 ரூபாய். வட்டி அவ்வப்போது மாறும், போடுகிற அன்றைக்கு உள்ள வட்டிதான் ஐந்து வருஷத்துக்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் யாரிடமும் கையேந்த வேண்டாம், வாரண்டு வேண்டாம்.

பாலிசித் தவணை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஐயாயிரத்துச் சொச்சம். அதற்கென்று மாதம் தொள்ளாயிரத்தைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறாள். அடுத்த தவணை வருகிற பங்குனியில். அவள் வீட்டுக் காலண்டரிலும் குறித்திருக்கிறாள், நானும் என் அடுப்படிக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறேன்.