திரும்பி வருதலும் வீரமே

மலைநாட்டு மாணவர்க்கு மலையேற்றம் இயல்பான இன்பம். நமுனுகுல மலையும், எல்லப் பாறையும், தியலும அருவியின் மேற்புறமும் விடுமுறை தோறும் இளைஞரை அழைக்கின்றன. அவ்வார்வத்தை வளர்த்தல் கல்லூரியின் கடனே. ஆயினும், உச்சியை அடைவதொன்றே வெற்றி என்னும் எண்ணத்தை நாம் மாற்றுதல் வேண்டும் என்பது என் துணிபு.

ஊவா மலைகளில் உறைபனிப் புயல் இல்லை. எனினும் அபாயம் உண்டு. மார்ச், ஏப்ரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலையில் தெளிந்திருக்கும் வானம் பிற்பகலில் இடியும் மின்னலுமாக மாறுதல் வழக்கம். அவ்வேளையிற் புல்வெளி முகட்டில் நிற்பவனே அங்கு உயர்ந்த பொருளாகின்றான்; தனிமரத்தின்கீழ் ஒதுங்குவதும் ஆபத்தே. மின்னல் தோன்றி 30 விநாடிக்குள் முழக்கம் கேட்பின், இடி ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது என்பது பொருள். உடனே இறங்கிக் கட்டடத்தையோ மூடிய வாகனத்தையோ அடைந்து, இறுதி முழக்கத்தின்பின் 30 நிமிடம் அங்கேயே தங்குதல் வேண்டும். ஆதலின் விடியலில் ஏறி நண்பகலுக்குமுன் இறங்குவதே அறிவுடைமை. தியலும அருவி ஏறத்தாழ 220 மீற்றர் வீழ்வது. அதன் மேலுள்ள தடாகங்களில் நிற்போர்க்கு வெயில் காய்ந்திருக்கலாம். தொலைவிற் பெய்த மழை கணப்பொழுதில் வெள்ளமாய் வந்து சேரலாம்.

நாட்கணக்கிற் பெய்யும் மழை மண்ணையே பெயர்த்துவிடும். தியலுமவை அடுத்த கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மண் மூடியது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தும் மக்கள் அவ்விடத்திலேயே இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயருற்றது. நிலத்திற் புதுவெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மேலே செல்லற்க. வழியிலுள்ள தோட்டத்து முதியவர்களைக் கேளுங்கள். அம்மலையின் குணத்தை அவர்களே நன்கறிவர்.

எச்சரிக்கை கேட்டும் மலையேறுவோர் பலர், வாகனக் கூலி கொடுத்தாயிற்றே என்பதற்காகவே செல்கின்றனர். ஆகவே பயணத் தலைவருக்கு இடைவழியிலும் திரும்பும் முழு அதிகாரம் அளிக்கப்படல் வேண்டும். அவரை எவரும் எள்ளலாகாது. வானிலையால் ஒத்திவைத்த பயணத்தின் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்பதாயின், அஃது இவ்விழாவாண்டின் பயன்மிக்க தொண்டாகும்.

நாம் விரும்பி மலைக்குச் செல்கின்றோம். விரும்பியவாறு திரும்பவும் வல்லோம். சரிவுகளின்கீழ் லயங்களில் வாழும் நம் மக்களுக்கோ, பாதுகாப்பான நிலமும் வீடும் கிடைக்கும்வரை, திரும்பிச் செல்ல வேறிடமில்லை. மலையின் எச்சரிக்கையை மதிக்கக் கற்கும் மாணவன், நாளை பதவியில் அமரும்போது அம்மக்களுக்கு வந்த எச்சரிக்கையையும் கோப்பிலே உறங்க விடான் என நம்புகின்றேன்.